பாட்டிலில் சுற்றியிருக்கும் கருப்புத் துணி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டிலோடு வீட்டுக்கு வருவார்கள். உள்ளே மண் இருக்காது. உரம் கரைத்த தண்ணீரும் ஒரு புதினாத் தண்டும்தான். வெளியே கருப்புத் துணி, அதற்கு மேல் வெள்ளைத் தாள். (துணி பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்தான், கொடுத்தனுப்பியவர்களுக்கு நன்றி.) தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

போன வருடம் துணி சுற்றாமல் கொடுத்தோம். வேர் விடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நாளிலேயே பாட்டில் முழுக்கப் பச்சைப் பாசி! உரத் தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். செடிக்கு வைத்த சோற்றை அது தின்றுவிடும். ஒரு அம்மாயி அழுக்குத் தண்ணி என்று மொத்தத்தையும் வாசலில் கொட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

வேரைப் பார்க்க வேண்டுமென்றால் துணியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிவிடலாம். நல்ல வேர் நாற்பதாம் நம்பர் நூல் மாதிரி வெள்ளையாக இருக்கும். பழுப்பேறி வழவழத்தால் அழுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மொட்டை மாடியில் வைத்த பாட்டிலுக்குத்தான் இந்தக் கதி. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிடும். கிழக்குப் பார்த்த ஜன்னலே போதும்.

அப்புறம், தண்ணீர் இறங்குகிறதே என்று கழுத்து வரை ஊற்ற வேண்டாம். மேல் வேர்களுக்குக் காற்று வேண்டும். பாதிக்குக் கீழே போனால் கொஞ்சம் சேருங்கள். அதுவும் போர் உப்புத் தண்ணி வேண்டாம், நல்ல தண்ணி. வாயில் செருகியிருக்கும் பஞ்சை எடுத்துவிட்டால் கொசு முட்டையிடும். யூரியாவும் போடாதீர்கள். மண்ணில் அதை மாற்றிக் கொடுக்க நுண்ணுயிர்கள் உண்டு, பாட்டிலில் அந்த வேலைக்கு ஆளில்லை.

மண்ணில்லாமல் என்ன வெள்ளாமை என்று ஒரு அப்பாரு கேட்டனுப்பினார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் 1860-லேயே உப்புகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார். தோட்டத்தைவிட இது உசத்தி என்று நாங்கள் சொல்லவில்லை. சொட்டுநீர்க் குழாயில் நீங்கள் கரைத்துவிடும் உரமும் இதே மாதிரி தண்ணீரில் கரைந்துதான் வேருக்குப் போகிறது.

கூடவே ஒரு கொட்டாங்குச்சியில் பச்சைப்பயறும் வரும். அதை அட்டைப்பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும். மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும்: வெளிச்சம் தேடி மஞ்சளாக, ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்கும். ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்து ஜன்னலில் வைத்தால் எத்தனை மணி நேரத்தில் பச்சை ஏறுகிறது என்பதைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

பாட்டில் மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்பி வர வேண்டும். செடி பட்டுப்போனாலும் பரவாயில்லை, அப்படியே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்