கூந்தன்குளம்: அறுவடைக்குப் பிறகும் தண்ணீர் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை மாதத்தில் கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வந்த செய்தியைப் படங்களுடன் வெளியிடும் நாளிதழ்கள், சித்திரையில் அதே குளம் எந்த நிலையில் கிடக்கிறது என்று எழுதுவது அரிது. கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்குச் சோதனைக் காலம் அதுதான்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தின் வறண்ட நிலத்தில் அமைந்த இச்சிற்றூர், வடகிழக்குப் பருவமழையையும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரையும் நம்பியிருக்கிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 2022இல் 72 ஹெக்டேர் பரப்புடன் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்ததும் பிற்காலப் பெருமைகளே. அடிப்படையில் இது பாசனக் குளம்.

மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீடுகளை ஒட்டி நிற்கும் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுவதையும் மீன் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளும் ஊரார், பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்துக் காப்பாற்றுவதும் உண்டு. பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கையோடு, எச்சம் கலந்த நீரும் கோடையில் அள்ளும் கரம்பையும் (குளத்து வண்டல் மண்) வயலுக்கு உரமாகும் என்ற உழவர் கணக்கும் இதற்குப் பின்னால் இருக்கிறது. வெறும் இரக்கத்தால் மட்டும் ஒரு வழக்கம் இத்தனை தலைமுறை நிலைத்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

சிக்கல், பிசானம் என்னும் இப்பகுதி நெல் சாகுபடியின் காலமும் கூடுகளின் காலமும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை; கோடை முற்றுவதற்குள் வடக்கே திரும்பிவிடும் அவற்றுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. நாரைகளும் கூழைக்கடாக்களும் அப்படியல்ல. நெல் அறுவடையாகி, குளத்து நீரும் அடியில் போய்விட்ட நாட்களில்தான் அவற்றின் பிந்திய குஞ்சுகள் சிறகு முற்றாமல் கூட்டில் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் குளங்களும் அப்போது வற்றிவிட்டால், தாய்ப்பறவைகள் இரை தேடி வெகுதூரம் பறக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, மணிமுத்தாற்று நீரைத் திறக்கும் திட்டத்தை வகுக்கும்போதே, அணையில் இருப்பு உள்ள ஆண்டுகளில், மாசி அல்லது பங்குனியில் கூந்தன்குளத்துக்கு ஒருமுறை நீர் விடுவதையும் நீர்வளத்துறை, வனத்துறை அதிகாரிகள் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். கடைமடைக் குளங்களும் அதே நீருக்காகக் காத்திருப்பதை நான் மறுக்கவில்லை. கேட்பது குளம் நிறைய அல்ல, வைகாசி வரை மீன் உயிரோடிருக்கும் அளவுக்கு மட்டுமே. அந்த அளவு எது என்பதை, ஆண்டுதோறும் மடையைத் திறந்து அடைக்கும் பாசன விவசாயிகளையும் கூட்டி உட்கார வைத்துப் பேசி வரையறுப்பது நல்லது.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டார வாசகர் ஒருவர்