மிஷல் இயோவுக்கு, ஈப்போவிலிருந்து

அன்புள்ள மிஷல் அக்கா,

மலேசியாவில் உங்களுக்குத் தந்த டான் ஸ்ரீ பட்டத்தோடு எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நீங்கள் பிறந்த ஈப்போவில்தான் நானும் பிறந்தேன். அக்கா என்றுதான் வாயில் வருகிறது.

நீங்கள் நடித்து 1992-இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தை வீட்டில் எல்லோரும் கேசட்டில்தான் பார்த்தோம். கடைசிச் சண்டை நம் கோலாலம்பூரில். ஜாக்கி சான் ஹெலிகாப்டரின் கயிற்றேணியில் தொங்குவார். நீங்கள் மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றி, அப்படியே ஓடும் ரயிலின் மேல் பாய்வீர்கள். "டூப்பா இருக்கும்லா" என்றார் மாமா. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் தவறிப்போனவற்றைக் காட்டினார்களே, அப்போது வாயை மூடினார். வேனிலிருந்து ஜாக்கியின் கார்மேல் விழுகிறீர்கள். பிடி கிடைக்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய்த் தார்ச்சாலையில் விழுகிறீர்கள். அவர் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அப்புறம் எழுந்து மறுபடியும் அதே காட்சி! அந்தச் சில நொடிகளை ரீவைண்ட் செய்து செய்தே எங்கள் கேசட் தேய்ந்துபோனது. மோட்டார் சைக்கிள் ஓட்டவே அந்தப் படத்துக்காகத்தான் கற்றுக்கொண்டீர்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தேன்.

பெண் அடிக்கும் படங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அக்கா. அவள் கையை ஓங்குவதற்கு முன் கதை அவளைச் சிதைத்துவிடும். புருஷனையோ பிள்ளையையோ கொல்லும், இல்லையென்றால் அவளையே நாசமாக்கும். அதை விலாவாரியாக வேறு காட்டும். ஆணுக்கு அதெல்லாம் வேண்டாம், போலீஸ் என்றால் போதும். 'போலீஸ் ஸ்டோரி 3'-இல் நீங்கள் நடித்த இன்ஸ்பெக்டர் யாங்குக்கும் அது போதுமாக இருந்தது. வேலைக்கு வந்தாள், அடித்தாள், ஜாக்கிக்குச் சமமாக நின்றாள். அவள் ஏன் அடிக்கிறாள் என்று படம் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நீங்கள் சண்டை பயின்று வந்தவர் இல்லை. இங்கிலாந்தில் பாலே படித்து, முதுகில் அடிபட்டு, அந்த ஆசை முடிந்துபோய் வந்தவர். 1985-இல் 'யெஸ், மேடம்' படத்தில் சண்டையையும் நடனம்போலத்தான் பழகினீர்கள். 1996-இல் ஆன் ஹுய் இயக்கிய படத்தில் ஸ்டண்ட் கலைஞராகவே நடித்தபோது, பாலத்திலிருந்து குதித்துப் படுகாயம் அடைந்தீர்கள். அதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. கூட நடித்த யாராவது அன்று வேண்டாம் என்று தடுத்திருக்கக் கூடாதா?

போன வாரம் என் மகளுக்கு அந்த ரயில் காட்சியைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் எழுந்து போகப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன், பெயர்கள் ஓடட்டும் என்று.

அன்புடன்,
ஓர் ஈப்போக்காரி