பேராலயச் சதுக்கத்தில் ஒரு முட்டைக்கோஸ் பாத்தி கேட்டு மனு

அனுப்புநர்:
அட்மிரல்டி வட்டாரக் குடியிருப்பாளர்கள்,
செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பூங்கா மற்றும் பசுமைப் பராமரிப்புப் பிரிவு,
செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர நிர்வாகம்.

பொருள்: புனித ஐசக் சதுக்கத்தின் பூப்பாத்திகளில் ஒன்றில் ஆண்டுதோறும் முட்டைக்கோஸ் நடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நகரத்துப் பூக்களைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மே மாதம் துலிப், அப்புறம் செவ்வாய்த் திடல் (மார்ஸ் ஃபீல்ட்) முழுக்க லைலாக், கோடையில் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் இரவில் மட்டும் விரியும் கள்ளிப்பூவைப் பார்க்கக் கூட்டம். எல்லாம் சரி. நாங்கள் கேட்டு வந்திருப்பது முட்டைக்கோஸ்.

காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை லெனின்கிராட் என்ற பெயரில் இருந்த இந்த நகரம் ஜெர்மன் படைகளின் முற்றுகையில் கிடந்தது. முதல் குளிர்காலத்தின் மிக மோசமான வாரங்களில் தொழிலாளர் அல்லாதோருக்குக் கிடைத்த ரொட்டி, நாளைக்கு 125 கிராம். அதில் பிழைத்தவர்கள் 1942 கோடையில் பூங்காக்களைக் கொத்திக் காய்கறி போட்டார்கள். கோடைப் பூங்காவில் சிலைகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, அந்தத் தோட்டத்திலேயே பாத்தி கட்டினார்கள். ஐசக் பேராலயத்தின் எதிரிலும் கோஸ் விளைந்தது. அறுவடை செய்யும் பெண்களும் அவர்களுக்குப் பின்னால் பேராலயத் தூண்களும் தெரியும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தங்கக் குவிமாடம் அப்போது எதிரி விமானங்களின் கண்ணில் படாதிருக்கச் சாம்பல் வண்ணம் பூசிக்கொண்டிருந்தது.

அதே சதுக்கத்தில்தான் தாவரவியலாளர் வாவிலோவின் பெயரைத் தாங்கிய, பயிர் விதைகளைச் சேகரித்து வைக்கும் தாவர நிறுவனமும் இருக்கிறது. முற்றுகையின்போது அங்கே விதைகளைக் காத்தவர்கள், அவற்றில் ஒரு பிடியையும் சமைத்துத் தின்னாமல் பட்டினியால் செத்தார்கள். நெல் வகைகளுக்குப் பொறுப்பாளரான திமித்ரி இவானோவ் இறந்தபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருந்தன.

இன்று சதுக்கத்துக்கு வருபவர்கள் குவிமாடத்தைப் படம் பிடிக்கிறார்கள்; ஜார் மன்னர் முதலாம் நிக்கலாயின் சிலையில் குதிரை பின்னங்கால் இரண்டில் மட்டும் நிற்பதை வியக்கிறார்கள்; கிளம்பிவிடுகிறார்கள். இங்கே கோஸ் விளைந்தது என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை.

சிலையோ கல்வெட்டோ கேட்கவில்லை. சதுக்கம் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதிக்குள் வருவதால் நிரந்தரமாக எதையும் எழுப்புவதில் சிக்கல் உண்டு என்பதும் தெரியும். பாத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜூன் தொடக்கத்தில் நாற்று நட்டால் இலையுதிர் காலத்தில் அறுத்துவிடலாம், லேசான உறைபனியையும் கோஸ் தாங்கும். பக்கத்தில் ஒரு சிறு பலகை போதும். நெவ்ஸ்கி சாலை 14ஆம் எண் கட்டடத்தில், 'பீரங்கிக் குண்டுவீச்சின்போது தெருவின் இந்தப் பக்கம் மிக ஆபத்தானது' என்று எச்சரிக்கும் நீலப் பலகை எவ்வளவு சிறியது! அதன் கீழே இன்றும் மக்கள் பூ வைக்கிறார்கள்.

அழகு கெடும் என்ற ஆட்சேபம் வரலாம். நீலப்பச்சை இலைகள் விரிந்து நடுவில் உருண்டை பிடிக்கும் பருவத்தில் கோஸ் பாத்தி எந்தப் பெட்டுனியாவுக்கும் குறைந்ததல்ல என்பது எங்கள் கருத்து. புழு விழும், உண்மைதான். பொறுக்கி எடுக்க நாங்கள் முறை வைத்து வருகிறோம். யாராவது ஒன்றிரண்டைப் பறித்துக்கொண்டு போனால், போகட்டும்.

வரும் ஆண்டுக்கான நடவுத் திட்டம் முடிவாகும் முன் இக்கோரிக்கையைப் பரிசீலித்து, ஒரே ஒரு பாத்தியை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அட்மிரல்டி வட்டாரக் குடியிருப்பாளர்கள்