ஏழாவது கறிக்கு விட்ட இடம்

மதிப்பிற்குரிய மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். என் மாணவியின் அறிவியல் புனைகதையை இந்த ஆண்டு மலரில் வெளியிட்டதற்கு நன்றி. அவள் எழுதிய முடிவை வெட்டிவிட்டு நீங்களே ஒரு முடிவு எழுதிச் சேர்த்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கதை உங்களுக்குத் தெரியும். 2190-இல் நம் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ். வாரம் ஒரு நினைவை அழிக்கிறது ஓர் இயந்திரம். கோயில் விருந்தின் ஏழு கறியில் முதலில் பூசணிக்காயை ஊரே மறக்கிறது, அப்புறம் பலாக்காய். மறந்துபோன கறிக்குப் பாட்டி வாழையிலையில் ஒரு கையளவு இடம் விட்டுப் பரிமாறுகிறாள். "இங்கே என்ன இருந்தது?" என்று பேத்தி கேட்பதோடு கதை முடிகிறது. துப்பாக்கி இல்லை, புரட்சிப் படை இல்லை. அந்தக் கேள்விதான் எதிர்ப்பு. நீங்கள் அச்சிட்டதிலோ இயந்திரமே மனம் திருந்தி ஏழு கறியையும் திருப்பித் தருகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

மலரை அவள் கோயில் வாசலிலேயே பிரித்தாள். பெரியம்மா, சித்தி எல்லாரும் சுற்றி நிற்க, சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டாள். "டீச்சர், நானே இப்படி எழுதிட்டு மறந்துட்டேனா?" வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டைத் தேடிப் பார்த்த பிறகுதான் ராத்திரி சாப்பிட்டாளாம். பதினைந்து வயதுப் பிள்ளை.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' நாவலில் கதாநாயகனுக்கு உத்தியோகமே பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவதுதான். அவனாவது சம்பளத்துக்குச் செய்தான். நீங்கள் சேவையாகவே செய்திருக்கிறீர்கள்.

"மங்களமாக முடியட்டுமே" என்று பதில் சொன்னீர்கள். சரி. அடுத்த மலரில் கோவலனையும் பிழைக்க வைத்து மதுரையில் நகைக்கடை போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஊருக்கும் சேதாரம் இருக்காது.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் 1998-இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது, ஒரு வரிதானே என்று நாம் சும்மா இருந்தோமா? அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தோமே. உங்களில் சிலரே அன்று குரல் கொடுத்தவர்கள். இவளுக்கும் போனது ஒரு பத்திதான்.

அடுத்த மலரில் அவள் எழுதிய முடிவை, இலையில் விட்ட அந்த இடத்தோடு, அப்படியே வெளியிடுங்கள். தயவுசெய்து திருத்தாமல் வெளியிடுங்கள். நகல் இணைத்திருக்கிறேன். நோட்டை மட்டும் யார் கேட்டாலும் தர மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை, மொரிஷியஸ்