பின்கட்டில் ஒரு பெயர் தெரியாத மரம்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே, உன்னைத் தெரியும் எனக்கு. நாங்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு வந்து ஒருவழியாகப் பெட்டிகளைப் பிரித்துவிட்டோம். வீடு பழசு, தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆனால் பின்னால் சிமெண்ட் போடாத மண் தரை இருக்கிறது. சென்னையில் அது கிடைப்பதே பெரிய விஷயம்.

அந்த மண்ணில் நிற்கிற மரத்தைப் பற்றி உனக்குத்தான் எழுத வேண்டும். எலுமிச்சைக் குடும்பம் என்பதில் சந்தேகம் இல்லை. இலையைக் கசக்கினால் வாசனை, கிளையெல்லாம் முள். காய்தான் எதோடும் ஒத்துப்போகவில்லை. கிட்டத்தட்ட சாத்துக்குடி அளவு, தோல் முழுக்க மேடும் பள்ளமும், காம்புப் பக்கம் கழுத்து மாதிரி கொஞ்சம் நீண்டிருக்கிறது. பழுத்தால் மஞ்சள். அறுத்தால் வெளிறிய சுளை, நிறைய விதை, நல்ல புளிப்பு. காய்கறிக்காரம்மா பார்த்துவிட்டு நாரத்தை என்றார். எதிர்வீட்டு மாமி கிடாரங்காய் என்று சத்தியம் செய்கிறார். என் பையன் செல்போனில் படம் எடுத்து ஏதோ செயலியில் போட்டு, 'லெமன்ப்பா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

எல்லோரும் காயைப் பார்த்தே பெயர் வைக்கிறார்கள். நான் இலைக்காம்பைப் பார்த்தேன். பம்ளிமாஸ் என்றால் காம்பின் இரண்டு பக்கமும் அகலமான சிறகு இருக்கும், ஒரு குட்டி இலையின் மேல் பெரிய இலையை ஒட்ட வைத்தாற்போல. கிச்சிலியில் அந்தச் சிறகு இன்னும் சின்னது. அசல் கிடாரங்காய் ஜாதியில் சிறகே கிடையாது, காம்பும் இலையும் சேரும் இடத்தில் மூட்டும் தெரியாது. நம் மரத்தில் மூட்டு தெளிவாக இருக்கிறது. சிறகு இருக்கிறதா இல்லையா என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு மெல்லிசு. பூமொட்டில் லேசாக ஊதா ஓடுகிறது. ஊறுகாய் போடுகிற நாட்டு எலுமிச்சைக்கு மொட்டு வெள்ளைதான்.

இத்தனையும் சேர்ந்து ஜம்பேரி என்கிற சொரசொரப்புத் தோல் எலுமிச்சையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் சென்னையில் வீட்டுக்கு யார் ஜம்பேரி வாங்கி வைப்பார்கள்? முன்பு இங்கே இருந்தவரிடம் போனில் கேட்டேன். 'சாத்துக்குடி ஒட்டுக்கன்றுதான் சார் வைத்தோம். முதலில் நன்றாகத்தான் காய்த்தது, அப்புறம் என்னவோ புளிக்க ஆரம்பித்துவிட்டது' என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்! சருகை ஒதுக்கிப் பார்த்தால் தரையோரம் செத்துப்போன ஒரு அடிக்கட்டை, அதற்கும் கீழேயிருந்து இந்த மரம் கிளம்பியிருக்கிறது. நர்சரியில் சாத்துக்குடிக் கிளையின் கணுமொட்டை ஜம்பேரிக் கன்று மேலோ ரங்பூர் எலுமிச்சைக் கன்று மேலோதானே ஒட்டுக் கட்டுவார்கள்? மேலே இருந்த சாத்துக்குடி பட்டுப்போய், வேர்ச்செடி தன் பாட்டுக்குத் தலையெடுத்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே பல நாள் தண்ணீர் நின்றதாம். ஒட்டுக் கட்டிய இடத்தில் பட்டை அழுகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். ரங்பூராக இருந்திருந்தால் பழம் ஆரஞ்சு நிறத்தில், தோல் கழன்று வந்திருக்கும். அதனால் ஜம்பேரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு மாமியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. மரபணு ஆராய்ச்சிப்படி ஜம்பேரி என்பதே கிடாரங்காய் ஜாதியும் கமலா ஆரஞ்சு ஜாதியும் கலந்து பிறந்ததுதான். அந்தக் கணக்கில் மாமி சொன்னதில் பாதி நிஜம். அவர் கேட்டால் முழுசும் நிஜம் என்பார்.

தளிரெல்லாம் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். சின்னதில் காக்கை எச்சம் மாதிரி இருந்துவிட்டு, பெரிதானதும் பச்சையாகிவிடுகின்றன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடுகின்றன, பேத்திக்கு அதுதான் இப்போது விளையாட்டு. கொழுந்தில் புழு போக மிஞ்சியதை எடுத்து விசாலம் வேப்பிலைக்கட்டி இடித்தாள். நாரத்தை இலையின் காரம் இல்லை, மோர் சாதத்துக்குப் பரவாயில்லை.

அவளுக்கு இதை வெட்டிவிட்டு ஒரு நல்ல சாத்துக்குடி வைக்க வேண்டும். எனக்கு மனசில்லை. வேர் நன்றாக ஓடியிருக்கிற மரம், புதுக்கன்று இந்த நிலைக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? இதன் இளங்கிளைகளிலேயே மறுபடி சாத்துக்குடி மொட்டு கட்டினால் என்ன? தென்காசித் தோட்டத்தில் நீ செய்து பார்த்தவன், உனக்குத் தெரியும். பட்டை சுலபமாக உரிகிற பருவமாகப் பார்த்துச் சொல். டாக்டர் பயணம் செய்யலாம் என்றதும் கத்தியோடு கிளம்பி வா. மொட்டுக்காகச் சாத்துக்குடிக் குச்சி எடுக்கும்போது இலை மஞ்சளடித்த மரம் வேண்டாம், நோயும் கூடவே வந்துவிடும். ஒரு கிளையை மட்டும் ஜம்பேரியாகவே விட்டுவிடு, மாமி ஊறுகாய்க்குக் காய் கேட்டு வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ராமு