காலாண்டு முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள்; பேச்சு, ஓவியத்திலும் குறைவில்லை. மகிழ்ச்சி. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

சரி, இனி வாசல் விஷயம்.

தேர்வின் கடைசி நாள் மாலை, பேத்தியை அழைத்துப்போக வந்த தாத்தா ஒருவருக்குக் கேட் அருகே நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயுதான் என்று எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்து நம் காவலாளிதான் எங்களைக் கூப்பிட்டார். 108 சீக்கிரமே வந்தது. வந்து, தெருமுனையிலேயே நின்றது. வாசலை அடைத்து பைக்குகள், நடுவில் பூட்டிய கார் ஒன்று. ஸ்ட்ரெச்சரை அந்த இடுக்கில் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். பெரியவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார்.

அந்தச் சில நிமிடங்களுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். அவற்றின் உட்சுவரில் வருடக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவில் வெடிப்பு விழுந்தால், அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதற்கப்பால் உள்ள தசை பிராணவாயு கிடைக்காமல் சாகத் தொடங்கும். இதுதான் மாரடைப்பு. செத்த தசை மறுபடி முளைக்காது. உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி உண்டு, அடைப்பை நீக்க ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு. இரண்டுமே சீக்கிரம் போய்ச் சேர்ந்தால்தான் முழுப் பலன் தரும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ முதுகிலோ வலி, அவ்வளவுதான் தெரியும். பெண்களுக்கும் இப்படி வருவதுண்டு. சோடா தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டாம்.

மாரடைப்பை வரவழைக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் வரிசையில் புகைபிடிப்பதற்கும் முக்கிய இடம் உண்டு. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கவே கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். வேறெங்கோ வாங்கிவந்து நம் சுவரோரம் நின்று பிடிக்கும் அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பள்ளி திறக்கும் நாள் முதல் கேட் முன் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. “அஞ்சே நிமிஷம் சார்” என்பதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நிற்கும் வண்டியின் எண் போக்குவரத்துக் காவலருக்குப் போகும். பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுடைய வண்டியானாலும் சரி. காரில் வருவோர் மஞ்சக்குப்பம் மைதானப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

உங்களில் பலர் ஏற்கெனவே அப்படித்தான் வருகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்று பைக்குகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி நகர்த்தியவர்களுக்கும், அழுத பேத்தியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்த தாய்க்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. அழைக்க வரும் தாத்தா பாட்டிகள் இனி வெயிலில் நிற்க வேண்டாம். உள்ளே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
கடலூர்