கோரிக்கை மனு: மீன் குட்டையில் வெட்டிய மண்ணை அகற்ற அனுமதி வேண்டி, நான்காம் முறையாக

அனுப்புநர்: வடக்குத் தெரு, பெண் விவசாயி (முழு முகவரி உறையின் மேல்).

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: பட்டா நிலத்தில் மீன் வளர்ப்புக் குட்டை வெட்டிய மண்ணை எடுத்துச் செல்ல அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: ஆனி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் நேரில் கொடுத்த 3 மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தாங்கள் அறியாததல்ல. ஐப்பசியில் வெள்ளச் சேதம் பார்க்க வந்தபோது மதகடியில் தங்கள் வண்டி நின்றது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் பனைமரம் பாதி மறையும் அளவுக்கு ஒரு மண்மேடு தெரிந்திருக்கும். அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. நிலம் என் மாமனார் வழி வந்தது. எங்கள் பங்கு 80 சென்ட், பட்டா என் பெயரில். ஒட்டிய வயல் கொழுந்தனாருடையது.

2. பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் என்றார்கள். புதுக் குட்டைக்கு ஹெக்டேருக்கு 7 லட்சம் மதிப்பு. என் 60 சென்ட் குட்டைக்கு மானியம் 1 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். வேலையை முடித்துக் காட்டிய பிறகுதான் பணம் என்பதால் நகையை அடகு வைத்துச் சித்திரையில் பொக்லைன் விட்டோம். சுண்ணாம்பு தூவி, சாணம் கரைத்து, ஆடிக் கடைசியில் 2,000 விரலிகள் (விரல் நீள மீன்குஞ்சுகள்) விட்டோம். கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600.

3. நாலடி ஆழம் வெட்டிய மண்ணில் சுற்றுக்கரை போட்டதுபோக ஏறக்குறைய 500 யூனிட் மிஞ்சிவிட்டது. டிராக்டரில் அடித்தால் 500 நடை. பத்து நாளில் அனுமதி கிடைத்துவிடும் என்று சொன்னதை நம்பி, கொழுந்தனார் வயலில் 25 சென்ட்டில் கொட்டி வைத்தோம். அவருக்குக் குறுவையும் போயிற்று, சம்பாவும் போயிற்று. மேட்டுக்கு அடியில் வயல் வாய்க்கால் தூர்ந்துவிட்டதால் கீழே மூன்று பேருக்குத் தண்ணீர் ஏறவில்லை. கொழுந்தனார் வீட்டில் இப்போது எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஐப்பசி மழையில் மேடு சரிந்து குட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது ஐயா. தண்ணீர் காப்பி நிறம். முழங்கை வரை கையை விடும்போதுதான் உள்ளங்கை மறைய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு மணிக்கட்டு முங்கும்போதே மறைந்துவிடுகிறது. வெயில் உள்ளே போகாததால் தண்ணீரில் நுண்பாசி வளர்ந்து பச்சை கட்டவில்லை, மீனுக்கு இரையும் இல்லை, மூச்சும் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் டார்ச் லைட்டைக் கரையில் வைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காற்று ஏறட்டும் என்று தட்டால் தண்ணீரை அடிக்கிறோம். மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே மறுபடி குட்டையில் பீய்ச்சுகிறோம். அப்படியும் ஒரு நாள் பத்து, ஒரு நாள் முப்பது மிதக்கிறது. கால் கிலோ வந்த மீன். தென்னங்குழியில் போட்டு மூடுகிறேன். முதலில் எண்ணி எழுதி வைத்தேன், 400 தாண்டியதும் விட்டுவிட்டேன்.

4. மானியத்துக்குப் பார்வையிட வந்தவர் மண்ணை அகற்றினால்தான் பணி நிறைவுச் சான்று என்றார். மண்ணை அகற்ற அனுமதி கேட்டுப் போனால் இன்னொரு அலுவலகத்தில் 1959ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகளைச் சொல்லி, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வண்டி வெளியே போனாலும் வழக்கு என்கிறார்கள். சரி, சீட்டைக் கொடுங்கள் என்றால் கோப்பு மேலே போயிருக்கிறது. எங்கே மேலே? ஏரி வண்டலை அள்ள விவசாயிக்குத் தாசில்தாரே கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார். என் வயலில், என் நகையை வைத்து வெட்டிய மண்ணுக்கு எட்டு மாதமா? மூன்று மனுவுக்கும் கைப்பேசியில் வந்த பதில், "மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது." போன மாதம் "நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. என்ன நடவடிக்கை என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா. மண் அங்கேயேதான் இருக்கிறது.

5. நான் மண் விற்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு. ஒரு ரூபாய்கூட வேண்டாம். நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மழை பெய்தால் முட்டியளவு தண்ணீர். தாங்களே பார்த்தீர்கள். அதற்கே கொட்டிக்கொள்ளட்டும்.

6. அனுமதி தாருங்கள் ஐயா.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் மன்னிக்கவும், தூக்கமில்லை. இன்னொரு அடைமழை வருவதற்குள் மேற்படி மண்ணை எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வழங்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் முடியாதென்றால் முடியாது என்றாவது எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: சிட்டா, அடங்கல் நகல், மனு ஒப்புகைச் சீட்டு 3, செத்த மீன் புகைப்படம் 4.